எட்டில் ஒரு பங்கு

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் தட்டில் போட்டுக் குலுக்கினார். இரண்டும் வாழையிலை நறுக்கில் மடித்து நாரால் கட்டியவை. ஒன்றுக்குள் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றுக்குள் செவ்வரளி. எதற்குள் எது என்று கட்டியவருக்கே தெரியாமல் போகும்வரை குலுக்க வேண்டும் என்பது எங்கள் குலசாமி கோயில் முறை.

நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தும் என் வலது முழங்கால் நிற்காமல் ஆடியது.

"காலை ஆட்டாதடி, சாமி முன்னாடி," என்றாள் அம்மா.

நிறுத்தினேன். ஐந்து விநாடி. மறுபடி ஆடியது.

வெள்ளை வந்தால் எனக்குக் கல்யாணம். சிவப்பு வந்தால் எம்.எஸ்சி. புள்ளியியல். திங்கட்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

ஒரு பெண்ணின் படிப்பைப் பூவைப் போட்டா முடிவு செய்வது என்று நீங்கள் கொதிப்பது எனக்குக் கேட்கிறது. சென்ற வாரம் இதே பத்தியில் விடுதி சாம்பாரைத் திட்டி எழுதியதற்கே இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், இதற்குச் சும்மா இருப்பீர்களா? ஆனால் கொஞ்சம் பொறுங்கள். வெள்ளைக்குக் கல்யாணம், சிவப்புக்குப் படிப்பு என்று ஏற்பாடு செய்ததே நான்தான்.

மூன்றும் வெள்ளை

எங்கள் வீடு பேரையூர்ப் பக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் வானத்தைப் பார்த்து வசவு. அப்படிப்பட்ட மண்ணில் நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அப்பா எதற்கெடுத்தாலும் சாமியிடம் பூ கேட்பார். போர் போடப் பூ, மாடு வாங்கப் பூ, வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்றால் அதற்கும் பூ. மாடிக்கு உத்தரவு வரவில்லை. கம்பி மட்டும் இன்றுவரை மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மற்ற ஊர்களில் ஒரு தடவை பூ எடுத்தால் முடிந்தது. எங்கள் கோயிலில் அப்படி இல்லை. ஒரு காரியத்தைச் சொல்லி உத்தரவு கேட்டால் மூன்று தடவை எடுக்க வேண்டும். மூன்றும் வெள்ளையாக இருந்தால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். இடையில் ஒரு சிவப்பு வந்தாலும் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

சின்ன வயதில் எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. மதுரையில் பி.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்த பிறகு வேறு மாதிரி தெரிந்தது. ஒரு தடவை வெள்ளை வர இரண்டில் ஒரு பங்கு. அடுத்தடுத்து இரண்டு தடவை வர நான்கில் ஒரு பங்கு. மூன்றும் வர எட்டில் ஒரு பங்கு. அதாவது எங்கள் குலசாமியிடம் எதைக் கேட்டாலும் எட்டில் ஏழு பங்கு "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். எங்கள் வீட்டில் ஏன் ஒரு நல்ல காரியமும் உருப்படியாகத் தொடங்கவில்லை என்பது நிகழ்தகவுப் பாடத்தின் முதல் மாதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

விடுமுறைக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்குத்தானே மூணு தடவை கேக்குறது. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் வெள்ளை விழுந்துட்டா அது என்ன சாமி?" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. எனக்கு அந்த வயதில் பதில் தெரியாதபோதெல்லாம் கோபம்தான் வரும்.

தல்லாகுளத்தில் ஒற்றை இரட்டை

இங்கே ஜெசிந்தாவைச் சொல்லியாக வேண்டும். என் வகுப்புத் தோழி. தல்லாகுளத்தில் வீடு, அப்பா கோர்ட்டில் கிளார்க். எனக்கு ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்காது, அவளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கப் பிடிக்காது. அப்படியும் மூன்று வருடம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் வீட்டுக்குப் படிக்கப் போவேன். படித்தோமோ இல்லையோ, பஸ் ஸ்டாப்பில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். சிக்னலைத் தாண்டி வருகிற அடுத்த டூவீலரின் நம்பர் ஒற்றையில் முடியுமா, இரட்டையில் முடியுமா? தோற்றவள் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

ஒருநாள் இரட்டையாக வந்துகொண்டே இருந்தது. ஸ்கூட்டர், பைக், மறுபடி ஸ்கூட்டர், எல்லாம் இரட்டை. நான் ஒவ்வொரு தடவையும் ஒற்றை என்றேன். அடுத்தது ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும், இவ்வளவு நேரம் இரட்டை வந்துவிட்டதே என்று உள்ளங்கை அரித்தது.

"ஏன்டி, முந்தி போன வண்டி என்ன நம்பர்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா, எனக்குப் பிடிக்காத அந்த நிதானத்தோடு.

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு ஒத்தைன்னு அடம் பிடிக்கிற?"

"இம்புட்டு இரட்டை வந்துருச்சுல்ல!"

"நேத்துத்தான் இதை டெஸ்ட்ல எழுதி நல்ல மார்க் வாங்குன. எழுதுறது வேற, நம்புறது வேறயா?"

வேறுதான். இதை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்று தாளில் எழுதுவது எளிது. நெஞ்சுக்கு ஞாபகம் உண்டு, அது சும்மா இருக்காது. அன்று நான்கு பருத்திப்பால் தோற்றேன். அவளும் நான்கையும் குடித்துவிட்டு வயிறு உப்பசம் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள்.

யார் நிரூபிக்க வேண்டும்?

கடைசி வருடத்தில் கருதுகோள் சோதனை வந்தது. அதில் முதலில் வருவது இன்மைக் கருதுகோள். நாங்கள் நல் ஹைபாதிசிஸ் என்றுதான் சொல்லுவோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமா? "வேலை செய்யவில்லை" என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வலுவான ஆதாரம் வந்தால் மட்டுமே அதை மாற்றலாம். வராவிட்டால் பழையபடியே இருந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இது முதலில் மண்டையில் ஏறவில்லை. ஜெசிந்தாதான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கப்பா கோர்ட்ல பாக்குறதுதாண்டி. குத்தம் பண்ணலன்னு வச்சுக்கிட்டுத்தான் கேஸை நடத்துவாங்க. பண்ணுனான்னு சொல்றவன்தான் நிரூபிக்கணும். எந்தப் பக்கம் சும்மா உக்காந்திருக்கலாம், எந்தப் பக்கம் ஓடியாடி நிரூபிக்கணும், இம்புட்டுத்தான் விசயம்."

எனக்குச் சட்டென்று எங்கள் கோயில் தட்டு கண்ணில் வந்தது. உத்தரவு கேட்கிறவன்தான் மூன்று வெள்ளையைக் காட்ட வேண்டும். கேட்காதவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். எழுந்து அந்தச் சமையலறையிலேயே மேலும் கீழும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஏதோ ஒரு பெரிய சாவி கைக்குக் கிடைத்த மாதிரி இருந்தது. அது எந்தப் பூட்டுக்கு என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

அத்தை வந்தாள்

பி.எஸ்சி. பரீட்சை முடிந்து நான் ஊருக்கு வந்த வாரம் அத்தை வந்தாள். அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. அவள் மகன் முருகேசன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இல்லை.

"தம்பி, பிள்ளை படிப்பை முடிச்சிருச்சு. இனியும் என்ன யோசனை? ஆவணியில முடிச்சிருவோம்," என்றாள் அத்தை, காபியை ஆற்றிக்கொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அத்தை என் மேல் உயிரையே வைத்திருந்தாள். விடுதிக்கு வரும்போதெல்லாம் தூக்குவாளி நிறைய முறுக்கு கொண்டுவந்து, அறையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துவிட்டுப் போவாள். அவள் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எம்.எஸ்சி. சீட்டு கிடைத்தபோது அந்த விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வழக்கமான முடிவுக்கு வந்தார்.

"பூ கேட்டுருவோம். செல்வியை மேல படிக்க வைக்கலாமான்னு கேப்போம்."

எனக்குப் பகீர் என்றது. படிக்க வைக்கலாமா என்று கேட்டால் படிப்புக்கு மூன்று வெள்ளை வேண்டும். எட்டில் ஒரு பங்கு. எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கம்பி மாதிரி என் படிப்பும் நீட்டிக்கொண்டு நிற்கப் போகிறது.

அப்போதுதான் அந்தச் சாவி ஞாபகம் வந்தது. கேள்வியைத் திருப்பிப் போட்டால்? கல்யாணம் முடிக்கலாமா என்று கேட்டால் மூன்று வெள்ளை காட்ட வேண்டியது கல்யாணம்தான். நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். எட்டில் ஏழு பங்கு என் பக்கம்!

"அப்பா, படிப்புக்குப் போயி யாராச்சும் பூ கேப்பாகளா?" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "நல்ல காரியத்துக்குத்தானே உத்தரவு கேக்கணும். இந்த வருசம் கல்யாணத்தை முடிக்கலாமான்னு கேளுங்க."

அப்பா என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். "அப்பிடியா சொல்ற?"

"ஆமாப்பா. அப்பிடித்தான் கேக்கணும்."

"சரித்தா. அப்பிடியே கேப்போம்."

அவர் குரல் ஏன் அப்படித் தணிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. மொட்டை மாடிக்கு ஓடிப்போய் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, எட்டில் ஏழு, எட்டில் ஏழு என்று கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேரா வேண்டாம்னு சொல்லிட்டா எட்டுல எட்டுல்ல?" என்றாள். நெட்வொர்க் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

மறுபடி கோயில்

இப்போது தட்டுக்கு வருவோம்.

பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒன்று வரத்தான் செய்யும். இன்னும் இரண்டு தாண்ட வேண்டுமே.

பூசாரி இரண்டையும் மறுபடி கட்டி, மறுபடி குலுக்கி, மறுபடி எடுத்தார். பிரிக்க அவருக்கு ஒரு யுகம் ஆனது. நகத்தால் நாரைத் தேடுகிறார், தேடுகிறார், அகப்படவில்லை. பிடுங்கி நானே பிரித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

வெள்ளை.

"ஆத்தாடி!" என்றாள் அத்தை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பூசாரி மூன்றாவது தடவைக்குக் கட்டத் தொடங்கினார். எனக்குள் ஒரு குரல், அடுத்தது சிவப்புத்தான், இரண்டு வெள்ளை வந்துவிட்டதே, சிவப்பு வந்துதான் ஆக வேண்டும் என்றது. தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் நான்கு பருத்திப்பால் தோற்ற அதே குரல். அதை அடையாளம் கண்ட நிமிடம் எனக்கு வேர்த்துவிட்டது. முந்தின பூ என்ன நிறம் என்று இந்தப் பொட்டலத்துக்குத் தெரியாது. எட்டில் ஏழு என்பது வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு. இரண்டு வெள்ளை வந்த பிறகு அந்த ஏழு எங்கேயும் இல்லை. இப்போது மிச்சம் இருப்பது இரண்டில் ஒன்று. பாதிக்குப் பாதி.

என் படிப்பும், மதுரையும், ஜெசிந்தாவும், நான் இன்னும் பார்க்காத எத்தனையோ எல்லாமும் ஒரு வாழையிலை நறுக்குக்குள் பாதிக்குப் பாதியாகக் கிடந்தன. முழங்கால் ஆட்டம் நின்று உடம்பே ஆடியது.

பூசாரி கண்ணை மூடினார். ஒரு பொட்டலத்தை எடுத்தார். நகத்தால் நாரைத் தேடினார்.

"பிரிக்காதீங்க!"

கத்தியது நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தேன்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்."

ஆட்டுக்குட்டி ஒன்று எங்கோ கத்தியது.

அப்பா மெதுவாக எழுந்தார். "அப்ப எதுக்குத்தா கல்யாணத்துக்குக் கேக்கச் சொன்ன? உனக்கு இஷ்டம், வெக்கத்துல சுத்தி வளைச்சுச் சொல்றேன்னுல்ல நான் நெனச்சேன்."

இது என் கணக்கில் வரவே இல்லை. எந்தப் பெண் தன் வாயால் கல்யாணத்துக்குப் பூ கேளுங்கள் என்று சொல்வாள்? ஆசைப்பட்டவள்தான் சொல்வாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அப்பாவின் குரல் தணிந்ததும், அத்தை வழியெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே வந்ததும் அதனால்தான். புள்ளியியல் படித்த ஒருத்திக்கு மட்டும்தான் அது விளங்காமல் போகும்.

"இல்லப்பா, மூணும் வெள்ளை வர்றதுக்கு எட்டுல ஒரு பங்குதான் வாய்ப்பு. அதனால கேள்வியை மாத்திட்டா எட்டுல ஏழு..." என்று ஆரம்பித்தேன். சாமி சந்நிதியில் நின்று இன்மைக் கருதுகோளை விளக்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"எட்டும் வேணாம், ஏழும் வேணாம்," என்றார் அப்பா. "உனக்கு வேணுமா, வேணாமா?"

"வேணாம்ப்பா."

"அத்தை வந்த அன்னைக்கு நான் உன் மூஞ்சியப் பாத்தப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்ல? நீ வாயத் திறக்கலைன்னுதானே சாமி வாயத் திறக்குமான்னு வந்தேன்."

நான் அழுதேன். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. அவள் பூசாரியின் கையிலிருந்த பொட்டலத்தை வெடுக்கென்று வாங்கி, நாரை அறுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

மூன்றாவது வெள்ளை. அந்த எட்டில் ஒரு பங்கு அத்தையின் உள்ளங்கையில் இருந்தது.

"பாத்துக்க," என்றாள் அத்தை. "நல்லாப் பாத்துக்க தம்பி. சாமி குடுத்துருச்சு. இதுக்கு மேல உன் இஷ்டம்."

அப்பா அந்தப் பூவைப் பார்த்தார். போருக்கும் மாட்டுக்கும் மாடிக்கும் அந்தத் தட்டின் பேச்சைத் தட்டாத மனிதர். என் அப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பயமாக ஒருநாளும் இருந்ததில்லை. இவ்வளவு பெரிய ஒன்றை அவரிடம் கேட்டுவிட்டேனே!

அவர் சந்நிதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

"சாமி சொல்லுறதுக்கு முன்னாடி என் மக சொல்லிட்டா, அக்கா."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்புறம் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கப் பல வருடம் ஆனது. முருகேசன்தான் நடுவில் நின்று எல்லாவற்றையும் சரிக்கட்டினான். இப்போது அவன் மகளுக்குக் கணக்கில் சந்தேகம் என்றால் எனக்குத்தான் போன் வருகிறது.

அன்று அப்பா கோயில் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

"எப்பச் சேரணும்?"

"திங்கக்கிழமைப்பா."

"அப்ப நாளைக்கே கிளம்பு. உனக்குத்தான் இருந்த இடத்துல இருப்புக் கொள்ளாதே."